சென்றாயன் விளக்குப் போடும் நேரம்

புளியமரத்துப் பாலத்தை பஸ் தாண்டியதும் பெருமாயி ஆள்காட்டி விரலை நீட்டி, முன்னால் உட்கார்ந்திருக்கும் சென்றாயனின் தோளில் தட்டுகிறாள். "சாமி, வெளக்கு" என்கிறாள். சென்றாயன் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, முன்பலகையிலுள்ள குமிழை இழுக்கிறான். சாலையில் மஞ்சளாய் வெளிச்சம் விழுகிறது. பெருமாயி விரலை மடக்கிக்கொண்டு, வெற்றிலைக் கூடையின் மேல் கையை வைத்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிறாள்.

நாமக்கல்லிலிருந்து சாயங்காலம் மோகனூருக்குப் புறப்படும் பஸ்ஸில் இது அன்றாடம் நடக்கிற காரியம். புதிதாக ஏறியவர்கள்தான் இதை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். மற்றவர்களுக்கு இது கோயிலில் மணி அடிப்பதைப் போலப் பழகிவிட்டது. நான் நாமக்கல்லில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வீடு மோகனூரில். கோர்ட்டு கலைந்த பிறகு பெரும்பாலான நாட்கள் இந்த பஸ்தான் என்னை ஊரில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆகவே சென்றாயனின் முதுகை, என் எஜமானரின் முகத்தைவிட அதிக நேரம் பார்த்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

அந்த முதுகு அகலமானது. காக்கிச் சட்டை அதற்குப் போதாமல் தோள்பட்டையில் இரண்டு இடத்தில் விட்டுக்கொடுத்திருக்கிறது. தலையில் துண்டு முண்டாசு. இடுப்பில் தார் பாய்ச்சிய வேட்டி. காலில் செருப்புக் கிடையாது. கொதிக்கிற சித்திரை மாதத்திலும் வெறுங்காலால்தான் பிரேக்கை மிதிப்பான். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "செருப்புப் போட்டா வண்டி சொல்றது காலுக்குக் கேக்காதுங்க" என்றான். வண்டி அப்படி என்ன சொல்லும் என்று மேலும் கேட்டால், சிரித்துவிட்டு எதிரே வரும் மாட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவான்.

அவன் பஸ்ஸை ஓட்டுவதாக எனக்குத் தோன்றியதே இல்லை. மேய்க்கிறான் என்றுதான் சொல்ல வேண்டும். மேட்டில் ஏறும்போது நாக்கை மடித்துச் சொடுக்குப் போடுகிறான். இறக்கத்தில் "ஓ... ஓ..." என்று இழுத்துச் சொல்லிவிட்டுத்தான் பிரேக்கில் காலை வைக்கிறான். மோகனூர் வந்து இஞ்சினை நிறுத்தியதும் இறங்கிப்போய் முன்பக்கத் தகரத்தை ஒரு தடவு தடவிவிட்டு, அதன் பிறகே தண்ணீர் குடிக்கிறான். பஸ் முதலாளி முன்காலத்தில் பார வண்டிகள் வைத்திருந்தவர். அவருடைய மாடுகளை ஓட்டியவன் சென்றாயன். முதலாளி மாடுகளை விற்று செவர்லே பஸ் வாங்கியபோது, ஆளை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டார். லைசென்சு வாங்கிக் கொடுத்தவரும் அவரே. வண்டிக்காரன் டிரைவரானான். ஆனால் வண்டிக்காரன் போய்விடவில்லை.

விளக்கை மறப்பதற்கும் அந்த வண்டிக்காரன்தான் காரணம் என்று நான் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். எங்கள் கோர்ட்டில் விளக்கில்லாமல் வண்டி ஓட்டிய கேசுகள் கூட்டம் கூட்டமாக வரும். ராத்திரியில் வண்டி ஓட்டினால் அச்சுக்கு அடியில் லாந்தர் எரிய வேண்டும் என்பது சட்டம். லாந்தர் இல்லாத வண்டியே கிடையாது. எல்லா வண்டியிலும் தொங்கும். எரியாது. போலீஸ் ஸ்டேஷன் நெருங்குகிற வளைவில் வண்டிக்காரன் தூக்கம் கலைந்து இறங்கி, தீக்குச்சி கிழித்து அதைப் பற்றவைப்பான். ஸ்டேஷன் மறைந்ததும் எண்ணெய் வீணாகிறதே என்று ஊதி அணைத்துவிட்டு மறுபடி ஏறிப் படுத்துக்கொள்வான். சென்றாயன் இதைத் தொழில் நுணுக்கமாகவே எனக்கு விளக்கினான். "வெளக்கு போலீஸ்காரருக்குங்க. மாட்டுக்கு வழி தெரியும், எனக்கு மாட்டத் தெரியும். நடுவால வெளக்குக்கு என்னங்க வேல?"

இப்படிப்பட்டவன் கையில் குமிழை இழுத்தால் எரிகிற விளக்கைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? மறந்துபோவான். அதுவும் மற்றதையெல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறவன். லத்துவாடியில் இறங்கும் பெரியவருக்குக் கண் மங்கல், படி தெரியாது என்று ஞாபகம் வைத்து, அவருக்காக மண்மேடு பார்த்து நிறுத்துவான். யாருக்கோ நாமக்கல்லில் சொல்லிவிட்ட கஷாயச் சரக்கு, இன்னொருவருக்கு வாங்கி வரச் சொன்ன ஏர்க்கொழு, மூன்றாவது வீட்டில் மகள் சௌக்கியம் என்ற செய்தி, எல்லாம் அவனிடம் பத்திரமாக இருக்கும். பொழுது சாய்ந்தால் விளக்குப் போட வேண்டும் என்பது ஒன்று மட்டும் நிற்காது.

விளக்கில்லாத பஸ்ஸினால் யாருக்கு என்ன கஷ்டம் என்று நாங்களும் நினைக்காமல் இருந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. எங்கள் பஸ் போடும் சத்தம் அப்படி. ஜன்னல் தகரம் ஒரு பக்கம் அடித்துக்கொள்ளும். மேலே கட்டிய தகர டப்பாக்கள் ஒரு பக்கம் உருளும். இஞ்சின் இருமுவது தனி. பஸ் பாலத்தருகே வரும்போதே அடுத்த ஊர்க்காரர்கள் கன்றுக்குட்டியைப் பிடித்துக் கட்டிவிடுவார்கள். சாலையில் நடப்பவர்கள் திரும்பிப் பார்க்கக்கூட மெனக்கெட மாட்டார்கள். சத்தம் கேட்டதும் ஓரத்துக்கு இறங்கி, பஸ் போனதும் மறுபடி ஏறிக்கொள்வார்கள். காது இருக்கிற வரையில் அந்தச் சாலையில் கண்ணுக்கு அவசரமில்லை. பெருமாயி தட்டியது யாரையும் காப்பாற்றுவதற்காக அல்ல. இருட்டில் போவது அவளுக்குப் பயம். "ரோடே தெரியல சாமி, ஒரு வெளக்கப் போட்டுட்டுப் போயேன்" என்று முதலில் ஒருநாள் கேட்டாள். பிறகு தினமும் கேட்டாள். பிறகு அது அவளுடைய வேலையாகவே ஆகிவிட்டது.

அந்தச் சாலையில் காதில்லாத ஒருத்தி இருந்தாள். அவள் சென்றாயனின் மனைவி அத்தாயி.

அவளுடைய பிறந்த ஊர் சேந்தமங்கலம் பக்கம், கொல்லிமலை அடிவாரம். தை மாதம் அண்ணன் வீட்டுக்குப் போனவள் முறைக்காய்ச்சலோடு திரும்பி வந்தாள். காய்ச்சல் போயிற்று. போகும்போது காதையும் எடுத்துக்கொண்டு போயிற்று. காய்ச்சலுக்குக் கொடுத்த கொயினா மருந்தின் சூடு என்று சிலர் சொல்கிறார்கள். சென்றாயன் சத்தமாகப் பேசுகிறவன், இஞ்சினை மீறிப் பேசிப் பழகிய தொண்டை. வீட்டில் அதற்கு உபயோகமில்லாமல் போய்விட்டது. "ஊட்டுல இப்பப் பேச்சே இல்லீங்க, எல்லாம் கையிலதான்" என்று ஒருநாள் சொன்னான். அந்தப் பழக்கம் பஸ்ஸுக்கும் தொற்றிக்கொண்டது. காது நன்றாகக் கேட்கிற எங்களிடமே இறங்குங்கள் என்பதற்கும், தள்ளி உட்காருங்கள் என்பதற்கும் கையைக் காட்டுவான். நாங்களும் சிரிக்காமல் தள்ளி உட்காருவோம்.

அத்தாயி தோட்டங்களில் கூலி வேலை முடித்து, எருமைக்குப் புல் அறுத்துக்கொண்டு, கட்டைத் தலையில் வைத்துச் சாலையோடு நடந்து வீட்டுக்குப் போவாள். அவர்கள் ஊரான கரட்டுப்புதூர் பாலத்துக்கு அப்பால் இருக்கிறது. எங்கள் பஸ் அந்த நேரத்துக்குத்தான் அவளுக்குப் பின்னால் வரும். தலைச்சுமையோடு திரும்பிப் பார்க்க முடியாது. புல் இரண்டு பக்கமும் தொங்கி முகத்தையே மறைத்துவிடும். ஆனாலும் பஸ் அருகில் வருவதற்கு வெகு முன்பே அவள் நிதானமாக இடது பக்கம் இறங்கி வழி விடுவாள். சென்றாயன் ஹாரனின் ரப்பர்ப் பந்தைத் தொடவே மாட்டான்.

இதில் அவனுக்கு ஒரு பெருமை. அதை எங்களிடம் சொல்லிக் காட்டாமல் இருக்க அவனால் முடியவில்லை. "பாத்தீங்களா? காது போனாலும் என்ற வண்டி அவளுக்குத் தெரிஞ்சுருதுங்க" என்பான். புருஷன் பெண்டாட்டிக்குள் அப்படி ஒரு தந்தி ஓடுகிறதோ என்று நாங்களும் நினைத்தோம். கண்டக்டர் பொன்னன் அதற்குக் கண், மூக்கு வைத்து மோகனூரில் வேறு சொல்லி வைத்தான். அத்தாயியிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டால் அவளுக்குக் கேட்காதே.

ஆவணி மாதத்தில் ஒருநாள் முதலாளியே பஸ்ஸில் ஏறினார். முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாலம் வந்தது. பெருமாயி வழக்கம்போல் தட்டினாள். சென்றாயன் குமிழை இழுத்தான். முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தினமும் இந்தம்மாள் சொல்லித்தான் விளக்குப் போடுகிறாயா என்று கேட்டார். பின்சீட்டிலிருந்த யாரோ அறிவுகெட்டவன் சிரித்துவிட்டான். சென்றாயன் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இருட்டு வந்தாப் போடலாமுங்க. அது எப்பங்க வருது? வந்துக்கிட்டேதான் இருக்குது. இப்பப் போடலாமா, இன்னுங் கொஞ்சம் போகட்டுமான்னு பாக்கறதுக்குள்ள கண்ணு அதுக்குப் பழகிப் போயிருதுங்க. கண்ணுக்கு நல்லாத்தான் தெரியுதுங்க."

நான் கோர்ட்டில் எத்தனையோ வாதம் கேட்டிருக்கிறேன். இவ்வளவு நியாயமான வாதம் கேட்டதில்லை. முதலாளிக்கு அது ரசிக்கவில்லை. பழைய ஆள் என்று பார்க்கிறேன், இன்னொரு தரம் இப்படி ஒன்று என் காதில் விழுந்தால் ஸ்டியரிங் உன் கையில் இருக்காது, மறுபடி மாட்டு வாலைத்தான் பிடிக்க வேண்டும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

சென்றாயனுக்குச் சோற்றுக்குப் பயம் ஒரு பக்கம். அதைவிடப் பத்துப் பேர் முன்னால் பட்ட அவமானம் ஒரு பக்கம். இரண்டையும் மறுநாள் பெருமாயியின் மேல் இறக்கி வைத்தான். அவள் கூடையோடு ஏறும்போதே, "ஆத்தா, இனிமே தட்ட வேண்டாமுங்க. நா என்ன பச்சக் கொழந்தையா?" என்றான். பெருமாயி வாயாடி. வெற்றிலைக்காரியிடம் பேச்சில் ஜெயித்தவன் அந்தச் சந்தையில் கிடையாது. அன்றைக்கு அவள் "செரி சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அப்போதே எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். வாயாடி சுருக்கமாகப் பேசினால் கோபம் பெரிது என்று அர்த்தம்.

அன்று சந்தை நாள். பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை. கோழிகள், கொத்தமல்லிக் கட்டுகள், மண்சட்டிகள் இவற்றுக்கு நடுவே நான் எங்கோ பின்னால் சிக்கிக்கொண்டிருந்தேன். மேகம் போட்டிருந்ததால் பொழுது சீக்கிரமே மங்கிற்று. பாலம் வந்தது, போயிற்று. பெருமாயி வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்களையெல்லாம் கூடையின் விளிம்பில் மடக்கி வைத்திருந்தாள். தானாக ஞாபகம் வரட்டுமே என்று நினைத்ததாகப் பிற்பாடு சொன்னாள். சென்றாயன் மேட்டுக்கு நாக்கைச் சொடுக்கினான். அவன் கண்ணுக்கு நன்றாகத்தான் தெரிந்தது.

அவனுக்குத் தெரிந்தது ஒரு புல்கட்டு. சாலை நடுவில் அது அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது. அத்தாயி என்று அவன் நினைக்கவில்லை. அத்தாயி என்றால்தான் இந்நேரம் ஒதுங்கியிருப்பாளே. ஹாரனை அமுக்கினான். கட்டு ஒதுங்கவில்லை. இன்னொரு முறை அமுக்கினான். "எவ அது, நடு ரோட்டுல" என்று முணுமுணுத்தது முன்சீட்டுக்காரர்களுக்குக் கேட்டிருக்கிறது. அடுத்து எங்களுக்கெல்லாம் கேட்டது "ஓ... ஓ... ஓ..." என்ற அலறல்தான். அந்தக் குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை. சட்டிகள் உடைந்தன. பெருமாயியின் கூடை உருண்டு, விற்காமல் மிச்சமிருந்த வெற்றிலைகள் சென்றாயனின் கால் மாட்டில் சிதறின. பஸ் குறுக்காகத் திரும்பி நின்றது.

முன்பக்கம் புல்லைத் தொட்டுவிட்டது என்று பொன்னன் சொல்கிறான். தொடவில்லை, சூடுதான் முதுகில் பட்டது என்கிறார்கள் மற்றவர்கள். அத்தாயி சுமையோடு உடம்பு முழுவதையும் திருப்பிப் பார்த்தாள். பஸ்ஸையும் அதற்குள் புருஷனையும் கண்டதும் அவள் முகத்தில் முதலில் வந்தது சிரிப்பு. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவளை ஏற்றிக்கொள்ள அவன் பஸ்ஸை நிறுத்தியதே இல்லை. இன்றைக்குத்தான் நிறுத்தியிருக்கிறான் என்று நினைத்துவிட்டாள். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தாள். பஸ் நிற்கிற கோணத்தைப் பார்த்தாள். சிரிப்பு மெதுவாகப் போயிற்று.

சென்றாயன் இறங்கிப்போய் அவள் முன்னால் நின்றான். கையால் என்னென்னவோ கேட்டான். ஏன் ஒதுங்கவில்லை என்பதுதான் கேள்வி என்று எங்களுக்கும் புரிந்தது. அவள் பதில் சொன்னாள். காதில்லாதவர்கள் பேசுவதுபோல் தேவைக்கு மீறிய சத்தத்தில் சொன்னதால், கடைசி வரிசையிலிருந்த எனக்கும் ஒரு சொல் தவறாமல் கேட்டது.

"தெனமும் என்ற நெழலு முன்னால நீளமா வந்து உழுகுமுங்க. அதப் பாத்துத்தான் ஒதுங்குவேன். இன்னிக்கி நெழலே வல்லீங்களே."

பஸ்ஸுக்குள் ஒரு கோழி கத்திக்கொண்டிருந்தது. இவ்வளவு நாளும் அவளுக்கு வண்டி தெரிந்ததில்லை. புருஷன் வருவதும் தெரிந்ததில்லை. அவன் விளக்கு தெரிந்தது. அதுவும் அவன் போட்ட விளக்கல்ல, வெற்றிலைக்காரியின் விரல் போட்ட விளக்கு. அவன் தனக்குச் சொல்லிக்கொண்ட பெருமையெல்லாம் இருட்டுக்குப் பயந்த ஒருத்தியுடையது. இதெல்லாம் அவன் மனத்தில் ஓடியதா என்று நான் சத்தியம் பண்ண முடியாது. என் மனத்தில் ஓடியது. அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

பெருமாயி தட்டுத் தடுமாறி இறங்கிப் போனாள். அழுதாள் என்று சொல்ல வேண்டும், ஆனால் வாயாடி அழுவதை அதற்கு முன் பார்க்காததால் முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"நா தட்டியிருக்கோணும் சாமி" என்றாள்.

"நா போட்டிருக்கோணுங்க ஆத்தா" என்றான் சென்றாயன்.

அவ்வளவுதான் பேச்சு. பிறகு அவன் பஸ்ஸை நேராக்கி நிறுத்தி, குமிழை இழுத்தான். மனைவியின் தலையிலிருந்து புல்கட்டை வாங்கித் தன் முண்டாசின் மேல் வைத்துக்கொண்டான். இரண்டு பேரும் வெளிச்சத்தில் முன்னால் நடந்து, ஊருக்குப் பிரியும் தடம் வரையில் போனார்கள். அவன் தலையைக் குனிந்தபடியே, தங்களுக்கு முன்னால் போகிற நிழல்களைப் பார்த்துக்கொண்டு நடந்தான். எங்களில் நேரமாகிறது என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. மோகனூரில் ஒருவர் மாப்பிள்ளை வீட்டார் வந்து காத்திருக்கிறார்கள் என்று சந்தையிலிருந்தே பதறிக்கொண்டு வந்தவர். அவரும் சும்மா இருந்தார்.

சங்கதி முதலாளி காதுக்குப் போகாமல் இருக்குமா? பொன்னனை வைத்துக்கொண்டு ரகசியம் காப்பது சல்லடையில் தண்ணீர் மொள்ளுகிற வேலை. சென்றாயனின் வேலை போயிற்று என்றே எல்லாரும் முடிவு கட்டினார்கள். பெருமாயி ஒரு கவுளி வெற்றிலையோடு முதலாளி வீட்டுக்குப் போனாள். அவர் மனைவிக்கு நாளும் வெற்றிலை கொடுக்கிறவள் அவள்தான். உள்ளே என்ன பேசினாள் என்று யாருக்கும் தெரியாது. வேலை போகவில்லை. ஸ்டியரிங் கையில் இருக்காது என்ற வார்த்தையை மட்டும் முதலாளி திரும்பவும் ஒருமுறை சொன்னாராம், முன்னைவிட மெதுவாக. மெதுவாகச் சொன்னதால் இந்தமுறை அது உண்மை என்று சென்றாயனுக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவன் மாறிவிட்டான் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஒரு பயத்தில் மறதி போய்விடும் என்பது கதை எழுதுகிறவர்களுடைய நம்பிக்கை. நான் குமாஸ்தா. அடுத்த சில நாள் அவன் நாமக்கல்லில் வண்டி எடுக்கும்போதே, வெயில் கண்ணைக் கூசும்போதே விளக்கைப் போட்டான். எதிரே வந்தவர்களெல்லாம் கையை ஆட்டி, பகலில் விளக்கு எரிகிறது என்று அவனுக்கு உபகாரம் செய்தார்கள். பாட்டரி படுத்துக்கொண்டது. நடுவழியில் நாங்கள் இறங்கித் தள்ளினோம். முதலாளி அதற்கும் கோபித்தார். அப்புறம் பொழுதோடு போட ஆரம்பித்தான். புரட்டாசி பாதிக்குள் மறுபடி மறந்தான். பாலம் வந்தது, விரல் வந்தது, விளக்கு வந்தது. வித்தியாசம் ஒன்றுதான். தோளில் விரல் பட்டதும் முன்பெல்லாம் அவன் முதுகு அசையாது. இப்போது ஒருமுறை சிலிர்க்கிறது.

அத்தாயியைப் பலரும் பலவிதமாகக் கேட்டார்கள், கையாலும் வாயாலும். பஸ்ஸிலேயே ஏறி வரலாமே என்றார்கள். இந்தப் புல்கட்டையும் மேலே ஏற்றிக்கொள்வார்களா என்று கேட்டுச் சிரித்தாள். வரப்போடு போகலாமே என்றார்கள். வரப்பில் பாம்பு என்றாள். பயமாக இல்லையா என்று பெருமாயி அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பி, உதடு தெரியும்படி கேட்டாள். "அவிய போடுவாங்க" என்று சொல்லிவிட்டு அத்தாயி சுமையைத் தூக்கிக்கொண்டாள். மறுநாளும் அதே சாலையில், அதே நேரத்துக்கு, பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நடந்தாள். இதைச் சென்றாயனிடம் யாரோ சொன்னார்கள். அவன் கேட்டுக்கொண்டான். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்து மறுபடி கட்டிக்கொண்டான். துடைக்கும்படி அன்றைக்கு ஒன்றும் புழுக்கம் இல்லை.

ஐப்பசியில் அத்தாயியின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். சேந்தமங்கலம் போவதற்காக அவள் காலையில் எங்கள் பஸ்ஸிலேயே ஏறி நாமக்கல் வந்தாள். புதுப்புடவை, கொண்டையில் கனகாம்பரம். சென்றாயன் அவளைச் சேந்தமங்கலம் வண்டியில் ஏற்றி, அங்கே காய்ச்சல் நடமாட்டம் இருந்தால் தங்காதே என்று நெற்றியில் கைவைத்துக் காட்டிச் சொல்லி அனுப்பியதை நானே பார்த்தேன். திரும்பி வர நாலைந்து நாளாகும் என்றான். பெருமாயியும் அன்று சந்தைக்கு வரவில்லை. மகளுக்குப் பிரசவம்.

அன்று சாயங்காலம் பெருமாயியின் இடம் காலியாக இருந்தது. அதில் நான் உட்கார்ந்தேன். அந்த இடத்துக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பின்னாலிருந்தவர்களும் என்னை அப்படித்தான் பார்த்தார்கள். பாலம் வரும்போது தட்ட வேண்டும், ஒரு தட்டா இரண்டு தட்டா, அவனைச் சாமி என்று என்னால் கூப்பிட முடியுமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். மழை பெய்து வெறித்திருந்தது. மேற்கே இன்னும் சிவப்பு. கிளிகள் கூட்டமாகத் தோப்புக்குத் திரும்புவது நன்றாகத் தெரிந்தது. இருட்டு வரவில்லை. வந்துகொண்டிருந்தது.

புளியமரம் தூரத்தில் தெரிந்தபோதே விரலை நீட்டி வைத்துக்கொண்டேன். அதற்குள் சென்றாயன் கையை எடுத்துக் குமிழை இழுத்துவிட்டான். வெளிச்சம் ஈரச் சாலையில் வெறுமையாய் விழுந்தது. எதிரில் ஆளில்லை, மாடில்லை. என் விரல் நீட்டியபடியே நின்றது.

பாலம் தாண்டி, அத்தாயி வழக்கமாக நடக்கும் இடம் வந்ததும் அவன் வேகத்தைக் குறைத்தான். அவள் இந்நேரம் சேந்தமங்கலத்தில் பந்தலுக்கடியில் இருப்பாள் என்பது அவனுக்குத் தெரியும். ஸ்டியரிங்கை மெதுவாக வலது பக்கம் ஒடித்தான். தலையில் புல்கட்டோடு ஒருத்தி நடக்க எவ்வளவு அகலம் வேண்டுமோ அவ்வளவு இடத்தைச் சாலையின் இடது பக்கம் விட்டு, அந்த வெற்றிடத்தைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸை ஓட்டிப் போனான்.